முன்சக்கர பிரேக் பேடுகளை வீட்டிலேயே மாற்றுவது எப்படி

ஜாக்கியையும் ஸ்பானரையும் கையாளத் தெரிந்த ஒருவர், காரின் முன்சக்கர பிரேக் பேடுகளை ஒரு முற்பகலில் மாற்றிவிடலாம். ஆனால் தேய்ந்த பேடைக் கழற்றிப் புதியதைச் செருகுவது இந்த வேலையில் ஒரு சிறு பகுதிதான். சக்கரத்தோடு சுழலும் வட்டத் தட்டான டிஸ்க்கின்மேல் பேடுகளை அழுத்தும் கவ்விதான் கேலிப்பர்; அதைத் தாங்கி நகரவிடும் சறுக்கு ஊசிகளை வெளியே எடுத்து, அவற்றில் படிந்த துருவும் காய்ந்துபோன கிரீசும் போகத் துடைத்து, உரிய கிரீஸ் பூசி, அவை தடையில்லாமல் நகர்கின்றனவா என்று பார்ப்பதே பெரும்பகுதி. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரமும், முன்னறிவிப்பில்லாமல் கொட்டும் மழையும் உள்ள சிங்கப்பூரில் இந்த ஊசிகள் இறுகிப்போவது சாதாரணமாக நடப்பது. அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் பேடை மட்டும் மாற்றினால், புதிய பேடும் ஒருபக்கமாகத் தேய்ந்து சீக்கிரமே பாழாகும். சொந்தக் கையால் செய்வதில் மிச்சமாகும் பணத்தைவிட, அவசரப்படாமல் இந்தத் துப்புரவைச் செய்ய நேரம் கிடைப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இங்கே விளக்குவது, பெரும்பாலான ஜப்பானிய, கொரியக் குடும்பக் கார்களின் முன்சக்கரத்தில் உள்ள, ஒற்றைப் பிஸ்டன் கொண்ட நகரும் கேலிப்பரைப் பற்றியது. இருபுறமும் பிஸ்டன்கள் கொண்ட நிலையான கேலிப்பர் உள்ள கார்களுக்கு முறை வேறு. பிரேக்கைத் தொட்டே பழக்கமில்லாதவர்கள், முதல் தடவை அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. உயிரோடு தொடர்புள்ள பாகம் என்பதால், ஏதாவது ஒரு கட்டத்தில் ஐயம் எழுந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, காரை ஓட்டாமல், பட்டறைக்கு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்.

இடம்

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி வாகன நிறுத்துமிடம் இந்த வேலைக்கு ஏற்றதில்லை. பல இடங்களில் தரை சற்றே சரிவாக இருக்கும், பக்கத்தில் வண்டிகள் போய்வந்துகொண்டிருக்கும், பிரேக் எண்ணெய் சிந்தினால் துடைக்கவும் வழியிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாகனம் நிறுத்துவதற்கென ஒதுக்கிய இடத்தில் சக்கரத்தைக் கழற்றிப் பழுதுபார்க்கலாம் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது. கொண்டோமினியத்துக்கும் இது பொருந்தும். தரைவீட்டில் இருக்கும் உறவினர் அல்லது நண்பரின் முற்றமோ, காக்கி புக்கிட், சின் மிங் போன்ற வட்டாரங்களில் தெரிந்த பட்டறைக்காரர் சம்மதித்து ஒதுக்கித் தரும் மூலையோ போதும். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், தலைக்கு மேல் கூரை இருந்தால் நிம்மதி. பிற்பகல் மழைக்கு முன்பே முடித்துவிடும் வகையில் காலையிலேயே தொடங்குவது நல்லது.

பேட் தேய்ந்துவிட்டதா என்று அறிவது

புதிய பேடில் உராயும் பொருள் ஏறத்தாழ 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். அது 3 மி.மீ. அளவுக்குக் குறைந்ததும் மாற்றத் திட்டமிட வேண்டும், 2 மி.மீ. ஆகிவிட்டால் தள்ளிப்போடவே கூடாது. பல பேடுகளில் சிறிய இரும்புத் தகடு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பேட் தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சென்று ஒலியெழுப்பும். அந்த ஒலியைப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால், இறுதியில் பேடின் இரும்பு முதுகே டிஸ்க்கை அறுக்கத் தொடங்கி, கரகரவென்ற சத்தம் கேட்கும். அப்போது பேடோடு டிஸ்க்கும் போய்விடும்.

சக்கரத்தின் இடைவெளி வழியாக வெளிப்பக்கப் பேடை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிஸ்டன் நேரடியாகத் தள்ளுவது உட்பக்கப் பேடை. சறுக்கு ஊசிகள் இறுகியிருந்தால் கேலிப்பர் நகராது, வெளிப்பேடு முழு அழுத்தம் பெறாது, உட்பேடு மட்டும் தேய்ந்துகொண்டே போகும். வெளியே 6 மி.மீ. மிச்சமிருந்தும் உள்ளே பேடின் இரும்பு முதுகே தெரிகிற நிலை இப்படித்தான் வருகிறது. ஆகவே கழற்றிய பழைய பேடுகளை உடனே குப்பையில் போடாமல், நான்கையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளும் வெளியும் பெரிதும் வேறுபட்டால் ஊசிகளில் கோளாறு. ஒரே பேட் மேலே தடித்தும் கீழே மெலிந்தும் சாய்வாகத் தேய்ந்திருந்தால், இரண்டு ஊசிகளில் ஒன்று சிக்கியிருக்கலாம். ஒரு சக்கரத்தின் இரண்டு பேடுகளும் மறுசக்கரத்துப் பேடுகளைவிட வெகுவாகத் தேய்ந்திருந்தால், அந்தப் பக்கப் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

வாங்குவது

சிங்கப்பூரில் ஒரே பெயருள்ள கார் அதிகாரபூர்வ முகவர் வழியாகவும் வந்திருக்கும், இணை இறக்குமதியாளர் வழியாகவும் வந்திருக்கும். இரண்டிலும் பிரேக் பாகங்கள் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஜாலான் புசார் வட்டாரத்து உதிரிபாகக் கடையில் காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொன்னால், அனுபவமுள்ள கடைக்காரர் முதலில் கேட்பது சேசிஸ் எண்ணைத்தான். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன் மோட்டாரிங் இணையத்தளத்தில் உங்கள் வாகன விவரங்களில் அந்த எண் இருக்கும், எடுத்துக்கொண்டு செல்லுங்கள். முடிந்தால் பழைய பேடின் படத்தையும் கொண்டுபோய்ப் புதிய பேடின் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பேடுகளை எப்போதும் இரு முன்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபக்கம் மட்டும் மாற்றினால், பிரேக் பிடிக்கும்போது கார் ஒருபுறம் இழுக்கும்.

பேடோடு, அவை உட்காரும் எஃகுக் கிளிப்புகளும் புதிதாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பிரேக் கிளீனர் ஒரு குப்பி, ஊசிகளுக்கான சிலிக்கோன் பிரேக் கிரீஸ், கம்பித் தூரிகை, பிஸ்டனைத் தள்ள ஒரு சி-கிளாம்ப், சாக்கெட்டுகள், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு விசைக்கு இறுக்க உதவும் ஸ்பானர்), தரை ஜாக்கி, ஓர் இணை ஆக்ஸில் ஸ்டாண்ட் (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் தாங்கி), சக்கரத் தடுப்புக் கட்டைகள், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம் ஆகியவை தேவை. இவற்றில் டார்க் ரெஞ்ச்சையும் ஆக்ஸில் ஸ்டாண்டையும் சிலர் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. அவை இரண்டும் கையில் இல்லையென்றால் வேலையைத் தொடங்க வேண்டாம்.

தூக்குவதும் கழற்றுவதும்

கைப்பிரேக்கைப் போட்டு, கியரை 'பி' நிலையில் வைத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு, காரின் கையேட்டில் காட்டியுள்ள இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்டை நிறுத்தி, காரின் எடை முழுவதையும் அதன்மேல் இறக்கிவிட வேண்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் கைகால் எதையும் நீட்டக் கூடாது. காருடன் வரும் கத்தரி ஜாக்கி, வழியில் பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்கு மட்டுமே உரியது. கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்தின் அடியில் படுக்கவைத்தால் அது கூடுதல் காப்பு.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டொயோட்டாவின் ஹைபிரிட் வகைகள் சிலவற்றில் கதவைத் திறந்தாலே பிரேக் அமைப்பு தானாக விழித்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும். கேலிப்பரைக் கழற்றி, விரல் உள்ளே இருக்கும் வேளையில் அது நடந்தால் விரல் நசுங்கும், பிஸ்டனும் வெளியே தள்ளப்படலாம். சாவியைக் காரிலிருந்து தொலைவில் வைத்து, அந்த வகைக்குரிய கையேட்டில் சொல்லியபடி அமைப்பைச் செயலிழக்கச் செய்த பிறகே தொட வேண்டும். அது உறுதியாகத் தெரியாவிட்டால், அந்தக் காரைப் பட்டறையில் விடுவதே சரி.

ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள். எந்தக் கிளிப் எப்படி இருந்தது என்று குழம்பும்போது, கழற்றாத பக்கம் பார்த்துக்கொள்ள உதவும். கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துவைப்பதும் பயன்தரும்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் கேலிப்பர் வெளிப்பக்கம் வந்து கைக்கு வசதியாக நிற்கும். அதன் பின்புறம், மேலும் கீழுமாக இரண்டு போல்ட்டுகள் இருக்கும். கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால், பல கார்களில் கேலிப்பரை மேல்நோக்கித் தூக்கிவிடலாம். ஆனால் மேல் ஊசியையும் துடைத்தாக வேண்டும் என்பதால், இரண்டையும் கழற்றுவதே என் பரிந்துரை. கழற்றிய கேலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடக் கூடாது. உள்ளே இழைகள் அறுந்தால் வெளியே தெரியாது. சஸ்பென்ஷன் சுருளில் கம்பி அல்லது கயிறு கொண்டு கட்டித் தொங்கவிடுங்கள். அதன்பின் பிரேக் மிதியை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வீட்டுப் பிள்ளைகள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி விளையாடுவார்கள் என்றால் கதவைப் பூட்டிவையுங்கள்.

பழைய பேடுகளை வெளியே எடுக்கும்போது கருந்தூள் கொட்டும். அதை ஊதியோ காற்றழுத்தக் குழாயால் அடித்தோ பறக்கவிடாதீர்கள். பிரேக் கிளீனரைத் தெளித்து ஈரமாக்கித் துணியால் துடைத்தெடுங்கள், முகக்கவசமும் இருக்கட்டும்.

சறுக்கு ஊசிகள்

ஊசிகளை ரப்பர் உறையிலிருந்து மெல்ல இழுத்து எடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருந்தால், மேசை இழுப்பறை போலச் சீராக வெளியே வரும், கிரீசும் வழவழப்பாக இருக்கும். பல ஆண்டுகளாகத் தொடப்படாத ஊசியில், கிரீஸ் காய்ந்து பழுப்பு நிறப் பிசினாக ஒட்டிக்கொண்டிருக்கும். உறை கிழிந்திருந்தால் மழைநீர் புகுந்து, ஊசியின் நடுவில் செந்நிறத் துரு வளையமே கட்டியிருக்கும். விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் அந்த இடத்தில் சொரசொரப்பு புலப்படும். லேசான துருவைத் துடைத்துவிடலாம். குழி விழுந்திருந்தால் ஊசியையும் உறையையும் புதிதாக மாற்றுவதே வழி, அவை விலை குறைந்த பாகங்கள்தாம்.

மேல் ஊசியும் கீழ் ஊசியும் ஒரே மாதிரி தோன்றினாலும் பல கார்களில் வேறுபட்டவை. ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும், அல்லது ஒருபுறம் தட்டையாகச் சீவியிருக்கும். எது எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதற்கே திரும்பப் போக வேண்டும். துளையின் உட்புறத்தையும் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் பழைய கிரீஸ் முழுவதும் வெளியேறும் வரை துடைக்க வேண்டும். பழையதன்மேல் புதியதைப் பூசினால் நாளடைவில் இரண்டும் சேர்ந்து இறுகும். ஊசியின் நீளம் முழுக்க சிலிக்கோன் கிரீசை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். துளைக்குள் அள்ளித் திணித்தால், அடைபட்ட காற்று ஊசியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டியின் மற்ற இடங்களுக்குப் பூசும் பெட்ரோலியக் கிரீசை இங்கே தொடவே கூடாது, அது ரப்பரை ஊதவைத்து ஊசியை இன்னும் இறுக்கிவிடும்.

அடுத்து, பேடின் காதுகள் உட்காரும் பிராக்கெட். பழைய கிளிப்புகளைக் கழற்றினால் அவற்றின் அடியில் துரு அடுக்கடுக்காகப் படிந்திருப்பதைக் காணலாம். அந்தத் துரு கிளிப்பை உயர்த்த, கிளிப் பேடை நெருக்க, பேட் நகர முடியாமல் டிஸ்க்கிலேயே உரசிக்கொண்டு நிற்கும். கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்த பிறகே புதிய கிளிப்புகளை மாட்டுங்கள். மாட்டியபின் பேடைச் செருகிப் பாருங்கள். விரலால் தள்ளினாலே நகர வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ துரு மிச்சமிருக்கிறது என்று பொருள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பகுதி பொருந்தும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் அவற்றின் பேடுகள் மெதுவாகத்தான் தேயும். ஆனால் பிரேக் குறைவாகப் பயன்படுவதாலேயே ஊசிகளும் கிளிப்புகளும் அசையாமல் கிடந்து துருப்பிடிக்கின்றன. பேட் மாற்ற வேண்டிய காலம் வராவிட்டாலும் ஊசிகளைத் துடைக்கும் காலம் வந்துவிடும்.

டிஸ்க்கைப் பரிசோதித்தல்

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. உராயும் பகுதி மட்டுமே தேய்வதால் ஓரத்தில் தேயாத விளிம்பு மேடாக நிற்கும், வெர்னியர் அந்த மேட்டைத்தான் அளக்கும். ஒரே மதிப்புள்ள இரண்டு நாணயங்களை டிஸ்க்கின் இருபுறமும் உராயும் பகுதியில் வைத்து, அவற்றோடு சேர்த்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்துவிட்டால் சரியான அளவு கிடைக்கும். மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். ஆழமான கீறல், வெப்ப வெடிப்பு, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குவது ஆகியவையும் டிஸ்க்கை மாற்றச் சொல்லும் அறிகுறிகள். இரவு மழைக்குப்பின் காலையில் தெரியும் மெல்லிய செம்படலம் அப்படியன்று, சில முறை பிரேக் பிடித்தாலே அது போய்விடும்.

டிஸ்க்கை மாற்றுவதானால் பிராக்கெட்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும், அவை மிக இறுக்கமாக இருக்கும். டிஸ்க், சக்கரம் பொருந்தும் மையப்பகுதியான ஹப்பில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால், பல ஜப்பானிய டிஸ்க்குகளில் அதற்கென்றே இரண்டு மரையிட்ட துளைகள் உண்டு. அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிஸ்க் தானே விலகும். ஹப்பின் முகத்தில் துருத் துணுக்கு எதுவும் எஞ்சாமல் தேய்த்தெடுங்கள். எஞ்சினால் புதிய டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து, மிதியில் துடிப்பை உண்டாக்கும். புதிய டிஸ்க்கின் மேலுள்ள துருத்தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால் முற்றிலும் கழுவிவிடவும் வேண்டும்.

பிஸ்டனை உள்ளே தள்ளுதல்

பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்திருக்கும். புதிய தடித்த பேடுக்கு இடம்விட அதை உள்ளே தள்ள வேண்டும். முதலில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையைப் பாருங்கள். ஈரக்கசிவு தெரிந்தால் அந்தக் கேலிப்பரை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். கசிவில்லையென்றால், பழைய பேட் ஒன்றைப் பிஸ்டன்மேல் வைத்து, சி-கிளாம்ப்பை மிக மெதுவாக முறுக்குங்கள். அந்நேரம் பானெட்டின் கீழுள்ள பிரேக் எண்ணெய்த் தொட்டியில் மட்டம் உயரும். இடையில் யாராவது எண்ணெய் ஊற்றி நிரப்பியிருந்தால் வழிந்து ஓடும், பிரேக் எண்ணெய் பெயின்ட்டைக் கரைத்துவிடும். எனவே முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுவது பாதுகாப்பு. சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எண்ணெய் கருத்திருந்தால், அதை மாற்றுவதற்கும் காலம் வந்துவிட்டது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரையேனும் கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நகருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்கோ கெந்திங்குக்கோ போய், நீண்ட சரிவில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போதுதான் எண்ணெய் கொதித்து, மிதி மெத்தென்று உள்ளே போகும். அத்தகைய பயணத்துக்கு முன் பேடோடு எண்ணெயையும் பார்த்துவிடுவது அவசியம்.

பொருத்துதலும் முதல் ஓட்டமும்

பேடின் இரும்பு முதுகிலும் காதுகளிலும் மட்டும் கிரீசைத் துளியளவு தடவுங்கள். உராயும் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு விரல்தடம்கூடப் படக் கூடாது. எச்சரிக்கைத் தகடு உள்ள பேட், பழையது இருந்த அதே பக்கத்தில், அதே திசையில் அமர வேண்டும். கேலிப்பரை இறக்கி, குழாய் முறுக்கிக்கொள்ளவில்லை என்று பார்த்து, போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் முறுக்குங்கள். ஊசி போல்ட்டுகளுக்குரிய அளவு குறைவு, பிராக்கெட் போல்ட்டுகளுக்குரியது அதைப்போலப் பலமடங்கு, இரண்டையும் மாற்றிக் குழப்பிவிடக் கூடாது. சக்கர நட்டுகளைக் கையால் நேராகப் பிடிக்கவைத்து, காரை இறக்கிய பிறகு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பல ஜப்பானியக் கார்களில் இது 100 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை.

இப்போது செய்ய வேண்டியதை மறந்தால் கார் நிற்கவே நிற்காது. பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி வெறுமையாகவே இறங்கும். காரை நகர்த்துவதற்கு முன், மிதி கெட்டியாகும் வரை பலமுறை சிறிது சிறிதாக மிதியுங்கள். கெட்டியான பின் எண்ணெய் மட்டத்தைச் சரிபாருங்கள், கேலிப்பரைச் சுற்றிக் கசிவு உண்டா என்றும் பாருங்கள். எத்தனை முறை மிதித்தும் மெத்தென்றே இருந்தால் காரை வெளியே எடுக்க வேண்டாம். முற்றத்திலேயே முன்னும் பின்னும் ஊர்ந்து நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் சாலைக்கு வர வேண்டும்.

புதிய பேடின் முகம் டிஸ்க்கோடு பழக வேண்டும். ஞாயிறு காலையில் துவாஸ் பக்கத்துத் தொழிற்பேட்டைச் சாலைகள் வார நாள்களைவிட வெறிச்சோடியிருக்கும். பின்னால் வண்டி இல்லாதபோது, மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை சீராகக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல் மீண்டும் வேகமெடுத்து, அரை நிமிட இடைவெளியில் எட்டுப் பத்து முறை இப்படிச் செய்தால் போதும். பிறகு கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது மிதியை அழுத்தியபடியே நின்றால், பேடின் தடம் டிஸ்க்கில் பதிந்து பின்னால் நடுக்கம் தரும். முதல் 200, 300 கி.மீ. வரை அவசரமில்லாத கடும் பிரேக்கைத் தவிர்க்கலாம்.

உறிஞ்சி எடுத்த பழைய எண்ணெயைச் சாலையோர வடிகாலில் ஊற்றாதீர்கள். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அங்கே விழும் மழைநீர் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கே போகிறது. மூடியுள்ள குப்பியில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறை ஒன்றில் கேட்டு ஒப்படையுங்கள்.

மூன்று ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு ஈராண்டுக்கு ஒருமுறையும், பத்தாண்டுகளைத் தாண்டியவற்றுக்கு ஆண்டுதோறும் நிலப் போக்குவரத்து ஆணையம் விதித்துள்ள சோதனை உண்டு, அங்கே பிரேக்கின் திறனும் அளக்கப்படுகிறது. இடது, வலது சக்கரங்களின் பிரேக் விசையில் பெரிய வேறுபாடு காட்டினால், முதலில் பார்க்க வேண்டியது ஊசிகளையே. பேட் மாற்றிய தேதியையும், அன்றைய ஓட்ட தூரத்தையும், டிஸ்க்கின் தடிமனையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சுமார் 100 கி.மீ. ஓடிய பிறகு சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.